சங்கிலிப் பிடி

வாங்க அண்ணாச்சி. பாத்து, அந்தப் பலகையில காலை வைக்காதிய, ஆணி நிக்கி. அங்கன செங்கல் அடுக்கியிருக்கு பாருங்க, அது மேல சாக்கை விரிச்சு உக்காருங்க. நான் சாரத்துல இருந்து எறங்க முடியாது, கோவிச்சுக்கிடக் கூடாது. சீலிங் பூச்சு ஓடிக்கிட்டு இருக்கு. கலவை போட்டாச்சு, விட்டா இறுகிப் போகும். நீங்க கேளுங்க, நான் பூசிக்கிட்டே சொல்லுதேன்.

யாருன்னு நீங்க சொல்ல வேண்டாம். வெள்ளச் சட்டை, கையில மஞ்சப்பை. வந்ததும் இந்த ஊருல தண்ணி எப்படி, பஸ்ஸு எப்படின்னு சுத்தி வளைச்சு வைகுண்டமணி பேருக்கு வாறிய. பொண்ணைப் பெத்தவர்தானே? டீக்கடையில சொல்லியிருப்பான், வைகுண்டமணிக்கு இந்த ஊருல ஆகாத ஆளு ஒருத்தன்தான், சுயம்புலிங்கக் கொத்தனாருன்னு. நல்லது சொல்ல ஊரே இருக்கு, கெட்டது சொல்ல ஒரு ஆளாவது வேணும்லா. விவரமான ஆளுதான் நீங்க.

சரி. அவன் மவன் சிவபாலனுக்கு உங்க பொண்ணைக் கேக்காவ. பையனைப் பத்தி ஒரு குறையும் எனக்குச் சொல்லத் தெரியாது. தூத்துக்குடியில வேலை, கெட்ட பழக்கம் ஒண்ணு கெடையாது. எதுத்தாப்புல வந்தா எனக்கு வணக்கம் வைப்பான். நான் வாங்கிக்கிட மாட்டேன். மறுநாளும் வைப்பான். பையன் கதை அது. ஆனா பொண்ணு வாழப்போறது அந்த வீட்டுலலா? அந்த வீட்டுக்குத் தலைவன் வைகுண்டமணி. அவன் எப்பேர்ப்பட்டவன்னு எனக்குத் தெரிஞ்ச மாதிரி அவன் பொண்டாட்டிக்குக் கூடத் தெரியாது. ஏன்னா அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னவன் நான். நான் சொல்லுற சொல்லுல ஒரு கல்யாணம் நடக்கும், இல்ல நிக்கும். அது எனக்குத் தெரியாம இல்ல. தெரிஞ்சுதான் சொல்லுதேன்.

ஏ பிள்ளே, பாண்டுச் சட்டி காலியாயிட்டு, கலவை கொண்டா.

கபடி பாத்திருக்கியளா? டிவியில மெத்தை விரிச்சு ஆடுவானுவளே, அது இல்ல. எங்க காலத்துல மண்ணுல ஆடினது. தேரி மண்ணு, செக்கச்செவேல்னு இருக்கும், முட்டி உரிஞ்சா ரத்தமா மண்ணான்னு தெரியாது. அதுல பிடிக்கிற பக்கம் ரெண்டு ரெண்டு பேரா கை கோத்து நிப்பாவ. ஓரத்துல நான். எனக்குப் பக்கத்துல வைகுண்டமணி. என் வலதுகை அவன் இடதுகைக்குள்ள. கபடி கபடின்னு பாடி வாறவன் உள்ள வந்து தொட்டுட்டுத் திரும்புவான் பாத்தியளா, அப்ப நாங்க ரெண்டு பேரும் கையை விடாம அவன் முன்னால பாஞ்சு மறிச்சிரணும். அவன் நெஞ்சு வந்து எங்க கையில மோதும். அதுதான் சங்கிலி. சங்கிலி அறுந்தா போச்சு.

பேச்சு கெடையாது அண்ணாச்சி. பேசுனா பாடி வாறவன் உஷாராயிருவான். எல்லாம் கையிலதான். அவன் ஒரு அமுக்கு அமுக்கினா 'நில்லு, இப்ப வேண்டாம்'. ரெண்டு அமுக்கு அமுக்கினா 'போடு'. அவன் கண்ணு பாடி வாறவன் இடுப்பைப் பாத்துக்கிட்டே இருக்கும். நான் காலைப் பாப்பேன். அவன் அமுக்குறதுக்கு முன்னாலயே அவன் மணிக்கட்டு லேசா எறங்கும். அதுலயே எனக்குத் தெரியும் என்ன சொல்லப்போறான்னு. இன்னைக்கும் அந்தக் கை எப்படி இருக்கும்னு கண்ணை மூடுனா எனக்குத் தெரியும். சுண்டுவிரல் பக்கம் ஒரு காய்ப்பு. சவம், அதெல்லாம் எதுக்கு இப்ப.

தேரிக்கோப்பைன்னு ஒரு சுழற்கோப்பை. வெள்ளைக்காரன் காலத்துல ஒரு உப்பளக்காரர் குடுத்ததுன்னு சொல்லுவாவ. வருஷா வருஷம் சுத்துப்பட்டு ஊரெல்லாம் ஆடும். ஒரு ஆட்டம் தோத்தா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான், மறு ஆட்டம் கெடையாது. ஜெயிச்ச ஊருல கோப்பை ஒரு வருஷம் இருக்கும், மறு வருஷம் கொண்டுபோய் மைதானத்துல வச்சிரணும். ஆனா ஒரு ஊரு தொடர்ந்து மூணு வருஷம் ஜெயிச்சிட்டா, கோப்பை அந்த ஊருக்கே சொந்தம். திருப்பிக் குடுக்க வேண்டாம். அப்படி எந்த ஊரும் ஜெயிச்சது இல்ல. எங்க அப்பன் ஆடித் தோத்திருக்கான், அவன் அப்பன் ஆடித் தோத்திருக்கான்.

நாங்க ரெண்டு வருஷம் ஜெயிச்சிட்டோம்.

மூணாவது வருஷம் எங்க சாலைப்புதுவிளையில எவனும் சரியாச் சோறு தின்னல. கோயில் பக்கத்துல கோப்பையை வைக்க மாடமே கட்டிட்டாவ, நான்தான் கட்டினேன். கண்ணாடிக் கதவு, பூட்டு எல்லாம் போட்டு. எங்க ஞானதுரை மாஸ்டரு, அவருதான் குழுவுக்குப் பொறுப்பு, எங்க ஏழு பேரையும் கல்யாண வீட்டுக்குக் கூடப் போக விடமாட்டாரு. போனா ஒருத்தன் காலைத் தட்டி விட்டுருவான்னு பயம். முதல் ஆட்டம் சுளுவா ஜெயிச்சோம். ரெண்டாவது ஆட்டம் மூச்சு முட்டிடிச்சு, ஆனாலும் ஜெயிச்சிட்டோம். அரையிறுதி நெடுவிளைக்காரனுவளோட. அதுல வந்துச்சு வினை.

ஒருத்தனை மறிச்சுத் தள்ளுதோம், அவன் விழுந்தான், அவனுக்கு மேல எங்க ஆளுவ மூணு பேரு, எல்லாருக்கும் அடியில நான். எந்திரிச்சுப் பாக்கேன், வலதுகை எனக்குச் சொந்தம் இல்லாத மாதிரித் தொங்குது. தோள்பட்டை கழண்டுட்டு. வைகுண்டமணி பாத்துட்டான். மாஸ்டர் பக்கம் கையைத் தூக்கப் போனான். நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "வாயத் தொறந்த, கொன்னுருவேன்"னேன். அவன் தூக்கப் போன கையை எறக்கிட்டு, வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டான். பிடிச்சான்னா சும்மா இல்ல, என் முழங்கையைத் தன் விலாவோட சேத்து இறுக்கிக்கிட்டு நின்னான், தோளு ஆடாம. மிச்ச ஆட்டம் பூரா அப்படியே நின்னோம். ஒருத்தனுக்கும் தெரியாது. ஜெயிச்சோம்.

அவன்தான் மோட்டார் சைக்கிள்ல வச்சு எலும்பு வைத்தியர்ட்ட கொண்டுபோனான். அவர் முட்டுக் குடுத்து ஏத்திவிட்டாரு. எனக்கு உசுரு போயி உசுரு வந்துச்சு. கட்டுப் போட்டுட்டு, என்கிட்ட பேசாம இவன்ட்ட பேசுதாரு, "தம்பி, இன்னொரு தடவை இந்தத் தோளு கழண்டா என்கிட்ட கொண்டு வராத. கொண்டு வந்தும் பிரயோசனம் இல்ல. இந்தக் கை தலைக்கு மேல எந்திரிக்காது"ன்னு. அவரு அப்படித்தான், எல்லாரையும் பயமுறுத்துவாரு.

வெளிய வந்ததும் இவன் சொல்லுதான், "ஏ சுயம்பு, நீ இறுதியாட்டம் ஆட வேண்டாம்டே. நான் மாஸ்டர்ட்ட சொல்லுதேன். கோப்பை என்ன கோப்பை, தகரம்."

எனக்கு வந்துச்சே கோவம். எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் தொட முடியாத கோப்பை, தகரமாம்! "நீ ஒருத்தர்ட்டயும் சொல்லப்பிடாது. நம்ம சாஸ்தா மேல சத்தியம் பண்ணு"ன்னேன்.

"எதுக்குலே சாமியை எல்லாம் இழுக்க?"

"பண்ணுதியா, இல்ல நான் பஸ்ஸு ஏறிப் போயிரட்டா?"

என் உள்ளங்கையில அடிச்சான். "சாஸ்தா மேல சத்தியம். உன் தோளைப் பத்தி நான் ஒருத்தர்ட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா ஒண்ணு, நான் அமுக்காம நீ பாயக் கூடாது"ன்னான். சரின்னேன். அந்த நேரத்துல என்ன சொன்னாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்.

இதுவரைக்கும் அவனைப் பத்தி ஒரு குத்தம் சொன்னேனா? இல்லலா? நியாயம்னா நியாயமாச் சொல்லணும். இனிமேதான் வருது.

இறுதியாட்டம் மணல்மேட்டுத்துறைக்காரனுவளோட. கடக்கரை ஊரு. அதுல வியாகுலம்னு ஒருத்தன். வள்ளத்தை ஒத்தையாளா மணல்ல இழுத்து ஏத்துவான்னு சொல்லுவாவ, ஆளைப் பாத்தா நம்பலாம். மைதானத்தைச் சுத்தி லாரி, டிராக்டரு, பனை மேல எல்லாம் ஆளு. எங்க ஊரு பொம்பளைய குலவை போடுதாவ. கோப்பை நடுவுல ஒரு மேசை மேல, மாலை எல்லாம் போட்டு. நான் தோளுல போட்ட கட்டை அவுத்துத் தூரப் போட்டுட்டு, முழுக்கைச் சட்டை மாதிரி ஒரு பனியனை மாட்டிக்கிட்டு நிக்கேன். வீக்கம் வெளிய தெரியக்கூடாதுல்லா.

ஆட்டம் ஆரம்பிச்சதுல இருந்து இந்த வைகுண்டமணிப் பய ஒரு அமுக்குதான். நில்லு. அடுத்தவன் வாரான், நில்லு. வியாகுலம் வாரான், தொட்டுட்டுப் போறான், நில்லு. ஒரு தடவை கூட ரெண்டு அமுக்கு வரல. வாறவனை எல்லாம் என்னைத் தொட விடாம அவன் ஒத்தையாப் போய் மறிக்கான். அவனுக்கு முழங்கால் ரெண்டும் கிழிஞ்சு தொங்குது. அந்தப் பக்கம் மாஸ்டரு கத்துதாரு, "ஏலே சங்கிலி போடுங்கலே, என்னலே நிக்கிய!"ன்னு. ஊரே கத்துது. நான் அவன் காதுல சொல்லுதேன், "பயந்தாங்கொள்ளி, அமுக்குலே"ன்னு. திரும்பிக் கூடப் பாக்கல.

எப்படியோ கடைசி வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்துட்டோம். வெயிலு தாழ்ந்துட்டு. நாங்க ஒரு புள்ளி முன்னால. கடைசிப் பாட்டு அவனுவளுக்கு. எங்க பக்கம் நாலு பேரு நிக்கோம். வியாகுலம் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுட்டு உள்ள வாரான். பிடிச்சா கோப்பை காலத்துக்கும் எங்களுக்கு. ரெண்டு பேரைத் தொட்டுட்டுத் திரும்பிட்டான்னா அவனுவளுக்கு. கூட்டத்துல சத்தமே இல்ல அண்ணாச்சி. அவன் கபடி கபடின்னு பாடுறது மட்டும்தான் கேக்குது. அந்தப் பக்கம் போனான், சும்மா ஏய்ச்சுட்டு எங்க பக்கம் வந்தான். காலை வீசினான், என் முட்டியில பட்டுச்சு. திரும்புதான்.

கை ஒரு அமுக்கு. நில்லு.

எப்படி நிப்பேன்? சொல்லுங்க, நீங்களா இருந்தா நிப்பியளா? முதுகைக் காட்டிட்டு ஓடுதான், கோப்பை ஓடுது. நான் பாஞ்சுட்டேன். நான் பாஞ்சா வைகுண்டமணி வரணும்லா? வந்தான். வராம இல்ல, அதைச் சொல்லணும். என் கூடவே பாஞ்சான். சங்கிலி விழுந்துச்சு. வியாகுலம் அந்த வேகத்துல நெஞ்சைக் கொண்டுவந்து எங்க கையில மோதுனான். மோதுன மோதுல நான் ஒரு சத்தம் போட்டேன். வெறியில போடுற சத்தம்தான். அய்யோ அம்மான்னு அலறுனேன்னு ஊருல சில மூதி சொல்லும், நம்பாதிய. நின்னுட்டான் அண்ணாச்சி! வியாகுலம் நின்னுட்டான். கை தாங்கிட்டு. இன்னும் ஒரு மூச்சு அப்படியே இருந்தா அவன் பாட்டு அறுந்திருக்கும்.

அப்பதான் வைகுண்டமணி கையை விட்டான்.

வேர்வையில நழுவிட்டுன்னு நெனைக்காதிய. நழுவுறது எனக்குத் தெரியாதா? அவன் என் மூஞ்சியைப் பாத்தான். பாத்துக்கிட்டே விரலை விரிச்சான். அஞ்சு விரலையும் விரிச்சு என் கையை விட்டான். அப்படியே நான் ஒரு பக்கம் போய் விழுந்தேன்.

விட்டுட்டு என்ன பண்ணுனான்னு கேக்கிய. ஒத்தையாப் போய் வியாகுலம் இடுப்புல விழுந்தான். அந்த மலை இவனையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போகுது. இவன் மூஞ்சி பூரா மண்ணுல உரசுது, விடல. முன்பல்லு ஒண்ணு போயிட்டு, விடல. வியாகுலம் விழுந்தான், விழுந்தவன் கையை நீட்டுனான், விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டுட்டு. என்னைத் தொட்டது ஒண்ணு, இவனைத் தொட்டது ஒண்ணு, ரெண்டு புள்ளி. முடிஞ்சு போச்சு. அவனுவ கோப்பையைத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு ஆடுதானுவ. எங்க ஊரு பொம்பளைய மண்ணை வாரித் தூத்துதாவ. நான் எந்திரிக்கல. எந்திரிக்க மனசு இல்ல. அழுதேன் அண்ணாச்சி, அத்தனை பேரு முன்னாலயும் அழுதேன்.

மாஸ்டரு வந்து ஊரு முன்னால வச்சே கேட்டாரு, "ஏம்லே கையை விட்ட?"

இவன் வாயெல்லாம் ரத்தம். என்னை ஒரு தடவை பாத்தான். ஒரே ஒரு தடவைதான். அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "தப்புதான் மாஸ்டர்"னான்.

அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை இல்ல. குத்தம் இல்லாதவன் அப்படி நிப்பானா? காரணம் இருந்தா சொல்லணும்லா? அவன் பொண்டாட்டி ஊரு மணல்மேட்டுப் பக்கம். மாமியா ஊருக்கு விட்டுக்குடுத்துட்டான்னு எவனோ ஒருத்தன் சொன்னான், மறுநாள் ஊரே சொல்லிச்சு. குழுவுல இருந்து எடுத்துட்டாவ. அதுக்கப்புறம் அவன் மைதானத்துல காலை வைக்கல. கோயில் கொடைத் திருவிழா நடக்கும்போது கூட்டத்துக்குள்ள எவனாவது ஒரு பய, "கையை விட்டவன் வாராம்லே"ம்பான். கேட்டுக்கிட்டே போவான். ஒரு நாள் கூட, ஒருத்தர்ட்ட கூட, ஏன் விட்டேன்னு சொன்னது கெடையாது. அவ்வளவு நெஞ்சழுத்தம் அவனுக்கு.

நானா? நான் எதுக்குச் சொல்லணும்? என் தோளைப் பத்தியா? அவன் சத்தியம் பண்ணுனது என் தோளைப் பத்தி வெளிய சொல்லமாட்டேன்னு. ஊரு கேட்டது கையை ஏன் விட்டன்னு. அதுக்குப் பதில் சொல்ல வேண்டியது அவன்தானே? என் தோளு எங்க வந்துச்சு இதுல?

அன்னைக்கு நின்ன பேச்சுதான். எங்க அப்பன் செத்தப்ப வந்தான், யாரும் கூப்பிடல. பாடையில எனக்குப் பின்னால தோளைக் குடுத்துக்கிட்டு சுடுகாடு வரைக்கும் வந்தான். வலது தோளுக்கு மாத்தணும்னு வரும்போது எனக்கு முன்னால அவனே போய் அந்தப் பக்கம் நின்னுக்கிட்டான், என்னை மாத்த விடல. அங்கன வச்சும் போட்டி. காரியம் முடிஞ்சதும் ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டான். நான் பேசமாட்டேன்னு அவனுக்குத் தெரியும். திமிரு.

என்ன கேக்கிய? எந்தத் தோளா? இந்தா, இதுதான். வலதுதோளு. கரண்டி பிடிச்சிருக்கேனே, இதே கைதான். காலையில இருந்து தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுப் பூசுதேன், பாத்துக்கிட்டுதானே இருக்கிய. ஒரு வலி இல்ல, ஒரு குறை இல்ல. ரெண்டு பொண்ணைக் கட்டிக் குடுக்கிற வயசுக்கு வளத்தது, வீடு கட்டினது எல்லாம் இந்தக் கைதான். எலும்பு வைத்தியரு என்னமெல்லாமோ சொன்னாரு. ஒண்ணும் ஆகல. எல்லாம் சாஸ்தா புண்ணியம்.

எதுக்கு அண்ணாச்சி அப்படிப் பாக்கிய?

ஏன் எந்திரிச்சிட்டிய? பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு. டீ சொல்லுதேன், குடிச்சிட்டுப் போங்க. அவன் வீட்டுக்கா? இப்பவேவா? என்னங்க இது, நான் இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்துனது என்னத்துக்கு? சபையில வச்சு ஒருத்தன் கையை விட்டவன், நாளைக்கு உங்க பொண்ணுக்கு ஒரு கஷ்டம்னு வந்தா பிடிப்பானா? அதை யோசிக்க வேண்டாமா? உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். எனக்கு என்ன வந்துச்சு, உங்க பொண்ணு, உங்க இஷ்டம்.

என்ன?

என் பொண்ணையா? அவளைக் கேட்டு வந்திருந்தாவன்னா அந்த வீட்டுல குடுத்திருப்பேனான்னா கேக்கிய?

ஏ பிள்ளே, கலவையை அங்கனயே வையி. கொஞ்ச நேரம் சும்மா இரு.

நல்ல கேள்வி கேக்கிய அண்ணாச்சி. நாங்க பேசிக்கிடுறதே கெடையாது, அவன் எப்படி வந்து கேப்பான்? நான்தான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போய்க் கேப்பேன்? என் மூத்தவளுக்கும் அந்தப் பையனுக்கும் வயசு கூடப் பொருத்தம்தான். என் வீட்டுக்காரி ஒரு தடவை வாயெடுத்தா. அடிக்கப் போனேன்.

குடுப்பேன் அண்ணாச்சி. கேட்டு வந்திருந்தா, கண்ணை மூடிக்கிட்டுக் குடுத்திருப்பேன். ரெண்டு பேரையும் வேணும்னாலும் குடுப்பேன்.

அது வேற, இது வேற. நான் கோப்பையைப் பத்திலா சொல்லிக்கிட்டு இருக்கேன்.